ரீட்டாவைச் சாப்பிடக் கூப்பிட்டது யார்?

கோலாலம்பூர் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி, உள்ளே இருந்த இரண்டு பணியாரக் கல்லையும் வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார். குழி குழியாக இருந்த அந்த இரும்பை விரலால் தட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது. "குக்கிங், குக்கிங்" என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. சரி என்று, குழியில் மாவு ஊற்றுவது போலவும், கம்பியால் திருப்பிப் போடுவது போலவும், ஒன்றை எடுத்து வாயில் போட்டுச் சூடு தாங்காமல் ஊதுவது போலவும் நடித்துக் காட்டினேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் கை தட்டாத குறை. அதிகாரி சிரித்துவிட்டு, கல்லைத் தானே துணியில் சுற்றி உள்ளே வைத்துக் கொடுத்தார்.

மதுரையில் முப்பத்து நான்கு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு தடவை காதில் விழுந்த பின்கோடு எனக்கு மறக்காது. யார் எந்த மாதம் எந்த ஊருக்குப் பார்சல் போட்டார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிர் இந்தப் பயணத்தில் நன்றாக அடி வாங்கியது.

என் சித்தி மகள் மல்லிகா கல்யாணமாகி மலேசியா போய் முப்பது வருஷம் ஆகிறது. அவளும் அவள் கணவர் செல்வமும் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். இப்போது கிள்ளானில் இரண்டாவது கடை. "நீ வராம நான் அங்க அடுப்புப் பத்த வைக்க மாட்டேன்க்கா" என்று போனில் அடம் பிடித்தாள். பணியாரக் கல் கொண்டு வரச் சொன்னதும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. நான் போய் இறங்கியது செவ்வாய்க்கிழமை.

செல்வம் காரோடு வந்திருந்தார். "அண்ணி, பெல்ட் போடுங்க லா, போலீஸ் பிடிச்சா நான்தான் பதில் சொல்லணும்" என்றார். பேச்சுக்குப் பேச்சு 'லா' சேர்ப்பது அந்த ஊர் வழக்கம். ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு ஹாரன் சத்தம் கேட்கவில்லை. விமானத்தில் காது அடைத்தது இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று சுண்டு விரலை விட்டு ஆட்டிப் பார்த்தேன். காது சரியாகத்தான் இருந்தது. சாலைதான் அப்படி.

பிரிக்பீல்ட்ஸில் இறங்கியதும் மல்லிகைச் சரமும் ஊதுபத்தியும் வடைச் சட்டியும் ஒன்றாக மணத்தன. பூக்கடைக்காரர் மலாயில் ஒருவரிடமும் தமிழில் ஒருவரிடமும் இங்கிலீஷில் ஒருவரிடமும் பேசிக்கொண்டே சரம் தொடுத்தார். மாசி வீதியைக் கழுவித் துடைத்து, மாடுகளை அப்புறப்படுத்தி, மேலே ரயில் ஓட விட்டால் எப்படியிருக்கும், அப்படியொரு தெரு.

கடைக்குள் நுழைந்ததும் ஒரு பெண் ஓடி வந்து என் கைப்பையை வாங்கிக்கொண்டாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். சின்னக் கண், உருண்டை முகம், இறுக்கிக் கட்டிய கொண்டை. "வாங்க ஆன்டி. வெஜ்ஜா, மீன் கறியா? ரசம் கப்புலயா, சோத்துலயா?" என்று மூச்சு விடாமல் கேட்டாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எங்கள் ஊர்ப் பெரிய ஓட்டல்களில் மணிப்பூர், நாகாலாந்துப் பிள்ளைகள் பரிமாறுகிறார்கள். அந்த ஜாடை. ஆனால் அவர்கள் இப்படித் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. நான் அவர்களிடம் பேசியதும் இல்லை.

"நீ எந்த நாடும்மா?" என்றேன்.

"இந்த நாடுதான் ஆன்டி."

கல்லாவில் இருந்த மல்லிகா விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லாக் கேட்ட போ. அவ சரவாக். கடலுக்கு அந்தப் பக்கம், ஆனா மலேசியாதான். இபான் சாதி. இந்த மண்ணுல நமக்கெல்லாம் முன்னாடியே இருந்தவங்க. வெளிநாட்டு ஆளுக்குப் பெர்மிட் எடுக்கறது பெரிய சுசா, தொல்லை அக்கா, நாய் படாத பாடு படணும். இதுங்க நம்ம நாட்டுப் பிள்ளைங்க. இன்னிக்குச் சொன்னா நாளைக்கு வேலைக்கு வருவாங்க."

அவள் பெயர் ரீட்டா. ஆனால் அன்று மத்தியானம் மட்டும் ஏழெட்டுப் பேர் அவளை "மோய்" என்று கூப்பிட்டதைக் கேட்டேன். சீனப் பெண்களைக் கூப்பிடுகிற வார்த்தையாம். "நான் சீனப் பொண்ணு இல்ல. ஆனா கூப்பிட்டாத் திரும்பணும் இல்ல ஆன்டி, இல்லாட்டி சாம்பார் யாரு ஊத்துறது?" என்று சொல்லிவிட்டு வாளியோடு போய்விட்டாள்.

மறுநாள் புதன்கிழமை, புதுக் கடையைப் பார்த்து வர ரீட்டாவோடு என்னை ரயிலில் கிள்ளானுக்கு அனுப்பினாள் மல்லிகா. புறநகர் ரயிலில் பெண்களுக்குத் தனிப் பெட்டி. அதில் ஓர் ஆண் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த மலாய்க்கார அம்மா குடை நுனியால் அவர் முழங்காலில் இரண்டு குத்துக் குத்தினார். அவர் எழுந்து, சுற்றிலும் பார்த்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அடுத்த பெட்டிக்கு ஓடினார். எங்கள் ஊராக இருந்தால் பஞ்சாயத்து அடுத்த ஸ்டேஷன் வரை நடந்திருக்கும்.

வழியெல்லாம் ரீட்டா பேசினாள். அவள் ஊருக்குப் போக ஒரு விமானம், பிறகு பஸ், பிறகு ஆற்றில் நீளப் படகு. ஊர் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருபத்திரண்டு வீடு. முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரே நீளக் கூடம். அவளோடு படித்தவர்களில் ஒருவர்கூட இப்போது அங்கே இல்லை. ஒருத்தி கோலாலம்பூர் ஓட்டலில் படுக்கை விரிப்பு மாற்றுகிறாள், ஒருத்தி செராஸ் மாலில் சென்ட் விற்கிறாள், ஒருவன் ஷா ஆலமில் காப்பிக் கடை. ஜூன் மாதம் அறுவடைப் பண்டிகைக்கு மட்டும் எல்லோரும் திரும்பிப் போய்ப் பத்து நாள் ஆடித் தீர்ப்பார்கள். "மத்த நாள்ல எங்க ஊர்ல நாய்தான் ஆன்டி இளசு" என்றாள்.

"தமிழ்க் கடைக்கு எப்படி வந்தே?"

"மால்ல நின்னு நின்னு காலு வீங்கிப் போச்சு. ஓட்டல்ல யாரோடயும் பேசக் கூடாது. இங்க பேசலாம். முதல் நாள் சாம்பாரைப் பார்த்தப்ப எங்க ஆத்துல வெள்ளம் வந்த மாதிரி இருந்துச்சு. இப்ப அது இல்லாம சோறு இறங்கல."

அவளும் இன்னும் ஐந்து பெண்களும் கம்போங் மேடானில் ஓர் அடுக்குமாடியில் ஒரே அறையில் இருக்கிறார்கள். கிள்ளான் கடைக்கு அவளைத்தான் மேற்பார்வையாளராகப் போடப் போவதாக மல்லிகா சொல்லியிருந்தாள். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, இலை எண்ணி வாங்குவது, கடை திறந்து பூட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. "மூணு இடத்துல வேலை பார்த்துட்டேன் ஆன்டி. எல்லா இடத்துலயும் இதை எடு, அதைத் துடைன்னுதான். இப்பத்தான் முதல் தடவை, நீ பார்த்துக்கோன்னு ஒருத்தங்க சொல்றாங்க. அம்மாகிட்டச் சொன்னேன். அம்மா இருபத்திரண்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துட்டாங்க." சொல்லும்போது அவள் காது வரை சிவந்தது. எனக்கே பதவி கிடைத்த மாதிரி சந்தோஷமாக இருந்தது.

கிள்ளான் கடை நன்றாக இருந்தது. புடவைக் கடைகளுக்கு நடுவில், வெளிச்சமாக, சுவருக்கு இன்னும் பெயின்ட் வாசனை போகாமல். மேஜைகளை எப்படிப் போட்டால் வாளியோடு இடிக்காமல் நடக்கலாம் என்று ரீட்டா நடந்து நடந்து பார்த்தாள். ஒரு மேஜையை என்னைப் பிடிக்கச் சொல்லி இரண்டு சாண் நகர்த்தினாள். திரும்பும்போது இனிப்புக் கடையில் ஆளுக்கு ஒரு முறுக்குப் பொட்டலம் வாங்கி, ரயிலில் சாப்பிடக் கூடாது என்று எழுதியிருந்ததால் பிளாட்பாரத்திலேயே தின்று தீர்த்தோம்.

வியாழக்கிழமைதான் வினை வந்தது.

மத்தியானம் ஒரு மணி. கடை நிறைந்திருந்தது. நான் சுவரோரம் ஒரு மேஜையில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாகற்காய் வறுவல் அன்றைக்கு அபாரம். மொறுமொறுவென்று கசப்பே தெரியாமல் இருந்தது. வாய் நிறையச் சோறு. ரீட்டா ஆவி பறக்கும் ரசப் பாத்திரத்தோடு என் பக்கமாகப் போனவள், நின்றாள். குனிந்தாள். என் இலையில் இருந்த சோற்றின் ஓரத்தை ஆள்காட்டி விரல் நுனியால் தொட்டு, அந்த விரலைத் தன் உதட்டில் ஒற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல நடந்தாள்.

"ஐயையோ, எச்சில்" என்று கத்திவிட்டேன். நான் சாதாரணமாகப் பேசினாலே நாலு கவுண்டர் தாண்டிக் கேட்கும். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பக்கத்து மேஜையில் டை கட்டிய ஒருவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். "என்ன கடை லா இது? சாப்பிடறவங்க இலையில கை வெக்கறாங்க?" என்று மல்லிகாவைப் பார்த்துக் கேட்டுவிட்டு வெளியே போனார். மல்லிகா கல்லாவை விட்டு ஓடி வந்தாள்.

"என்ன பண்ணுன ரீட்டா?"

"ஆன்டி சாப்பிடக் கூப்பிட்டாங்க அக்கா" என்றாள் ரீட்டா, ரசப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

மல்லிகா என் பக்கம் திரும்பினாள். "நீ கூப்பிட்டியா அக்கா?"

"நானா? இல்லையே" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என் ஞாபகத்தில் பாகற்காய் இருந்தது, ரசம் இருந்தது, விரல் இருந்தது. கூப்பிட்டது இல்லை. போதாததற்கு, "எனக்கு ஞாபகம் தப்பாது மல்லிகா, உனக்குத் தெரியாதா" என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

ரீட்டா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரசம் ஊற்றப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மல்லிகா பொரிந்து தள்ளினாள். "கை பட்டது போகட்டும், கழுவிட்டு வேற இலை போட்டுக்கலாம். வாய் கூசாமப் பொய் சொல்றா பாரு, அதைத்தான் தாங்க முடியல. நாளைக்குக் கடைச் சாவியை எப்படிக் கையில குடுப்பேன்?" ரீட்டாவைப் பின்கட்டில் பாத்திரம் கழுவப் போட்டாள். கிள்ளான் கடைக்குச் செல்வத்தின் தங்கை மகனைக் கூப்பிட்டிருப்பதாகவும், செராஸில் வேலை பார்க்கும் அவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதில் சொல்வதாகவும் சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலையை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றும் எனக்குத் தேநீர் கொண்டு வந்தது ரீட்டாதான். நான் சொன்னபடி சர்க்கரை அரைக் கரண்டி. அதைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு கேள்வி எழுந்தது: மல்லிகா இப்படி என் இலையைத் தொட்டிருந்தால் கத்தியிருப்பேனா? மாட்டேன். சின்ன வயதில் ஒரே தட்டில் தின்றவர்கள் நாங்கள். ஆனாலும் பொய் பொய்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பணியாரக் கல்லை எண்ணெய் போட்டுப் பழக்குவதற்காகக் கிள்ளான் கடைக்கு நானே கிளம்பினேன். செல்வம் ஏதோ லைசென்ஸ் விஷயமாக அலைந்துகொண்டிருந்தார். "தனியாப் போவீங்களா அண்ணி?" என்று கேட்டார். "இந்தியா பூராவும் தபால் போற வழி எனக்குத் தெரியும், இது என்ன ஒரு ரயில்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கல்லையும் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

புதன்கிழமை கிள்ளான் வழியில் பார்த்த ஷா ஆலம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. செர்டாங் வந்தது. காஜாங் வந்தது. அங்கே இறங்கி ஒரு மலாய்ப் பெண்ணிடம் "கிள்ளான்?" என்று கேட்டேன். அவள் பரிதாபமாகப் பார்த்து, நான் வந்த திசையையே கை காட்டினாள். ஏறியதே வேறு தடம்.

தோள் விட்டுப் போயிற்று. பசி வேறு. பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து மல்லிகா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தேன். ஒருவர் பிளாட்பாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சின் மறுகோடியில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு பெரியவர் இருந்தார். நான் நாலு வாய் சாப்பிட்டிருப்பேன். அவர் மெல்லச் சிரித்தார்.

"அக்கா ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா?"

"ஆமா, மதுரை. எப்படித் தெரியும்?"

"கூட்டுறவரைக் கூப்பிட்டீங்க, அந்த மலாய்க்காரப் பொண்ணைக் கூப்பிட்டீங்க, இப்ப என்னையும் கூப்பிட்டீங்க. அஞ்சு நிமிஷத்துல மூணு பேரு. ஊர்லேர்ந்து வர்றவங்கதான் இப்படி எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுவீங்க."

"நான் யாரையுங்க கூப்பிட்டேன்?"

"இப்பத்தானே. 'வாங்களேன், ஒரு வாய் சாப்பிடலாம்'னு. நான்கூட, இருக்கட்டும் நீங்க சாப்பிடுங்கன்னு சொன்னேனே."

சொல்லியிருக்கிறார். இப்போது ஞாபகம் வந்தது. கூட்டுகிறவர் கையைக் காட்டி வேண்டாம் என்றதும், அந்தப் பெண் தலையசைத்துச் சிரித்ததும் ஞாபகம் வந்தன. சாப்பிடும்போது எதிரே ஆள் வந்தால் கூப்பிட வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூச்சு விடுவது மாதிரி. யாராவது மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார்களா? பிசைந்த சோறு கையில் அப்படியே நின்றது. வியாழக்கிழமை மத்தியானம் வாய் நிறையப் பாகற்காயோடு நான் சொன்னது, இடது கையால் எதிர் நாற்காலியைக் காட்டியது உட்பட, வார்த்தை மாறாமல் காதில் விழுந்தது: "ஏ ரீட்டா, வாயேன், ஒரு வாய் சாப்பிடு."

"என்னக்கா, விக்கிருச்சா? தண்ணி குடிங்க" என்றார் பெரியவர்.

அவர் பூர்வீகம் நாகூர்ப் பக்கம், கிள்ளானில் துணிக்கடை. மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ஒரே ரயிலில் ஏறினோம். பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனில் அவர் கிள்ளான் ரயிலுக்கு மாறும்போது, "நீங்களும் கிள்ளான்தானே, வாங்க" என்றார். "இல்லைங்க, முதல்ல ஒரு பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, பணியாரக் கல் இடுப்பில் இடிக்க இடிக்க பிரிக்பீல்ட்ஸுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

ரீட்டா பின்கட்டில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். கை முழங்கை வரை நுரை.

"ரீட்டா, நான் உன்னைக் கூப்பிட்டேன். சுத்தமா மறந்து போச்சு."

"தெரியும் ஆன்டி" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"சாப்பிட வரலைன்னா வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. ஏன் தொட்டே?"

"எங்க ஊர்ல அப்படிச் சொல்லக் கூடாது ஆன்டி. ஒருத்தங்க சாப்பிடக் கூப்பிட்டா உக்காரணும். நேரம் இல்லைன்னா, தொட்டு வாயில வெச்சுட்டாவது போகணும். சும்மாப் போனா புனி, கெட்டது நடக்கும். படகு கவிழும், பாம்பு கடிக்கும். அன்னிக்கு என் கையில கொதிக்கிற ரசம். சும்மா நடந்திருந்தா என் கால்லயே கொட்டியிருக்கும்." பயத்தோடு சொல்லவில்லை. பச்சை விளக்கு விழாமல் சாலையைக் கடக்கக் கூடாது என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"இதை அப்பவே மல்லிகாகிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க கூப்பிடலைன்னு சொல்லிட்டீங்க. உங்களை எப்படிப் பொய் சொல்றீங்கன்னு நான் சொல்றது? நீங்க அவங்க அக்கா." நுரைக் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட இன்னும் சொல்லல. இருபத்திரண்டு வீட்டுக்கும் மறுபடி போகணும் இல்ல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த வயதில் ஒரு பிள்ளையின் வேலையை வாயாலேயே கெடுத்திருக்கிறேன், அதுவும் ஞாபகம் தப்பாது என்ற ஜம்பத்தோடு.

எல்லோர் முன்னாலும் பட்ட பழி எல்லோர் முன்னாலும்தான் போக வேண்டும். நாலு மணிக்குக் கூட்டம் ஓய்ந்து வேலைக்காரர்கள் தேநீருக்கு நின்றபோது ரீட்டாவையும் இழுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன்.

"மல்லிகா, அன்னிக்குப் பொய் சொன்னது இவ இல்ல. நான்."

"என்னக்கா உளறுற?"

"நான்தான் சாப்பிடக் கூப்பிட்டேன். நான் பாட்டுக்கு நாள் பூரா எல்லாரையும் கூப்பிட்டுட்டே இருக்கேன். இன்னிக்குக் காஜாங் ஸ்டேஷன்ல கூட்டுறவரைக்கூடக் கூப்பிட்டிருக்கேன்."

"காஜாங்கா? அங்க எதுக்குப் போன?"

"அது வேற கதை." படகு, பாம்பு, ரசம் எல்லாவற்றையும் சொன்னேன். செல்வம் இடையில் புகுந்து, "ஆமா மல்லிகா, என்னை அண்ணி வந்ததுலேர்ந்து பத்துத் தடவை கூப்பிட்டுட்டாங்க. நான் கண்டுக்கறதே இல்லை" என்றார். மல்லிகாவும் யோசித்துப் பார்த்தாள். அவளையும் கூப்பிட்டிருக்கிறேன். காலையில்கூட.

ஆனால் அவள் லேசில் விடுகிறவள் இல்லை. ரீட்டா பக்கம் திரும்பினாள். "சரி, இது உங்க வழக்கம்னே வெச்சுக்கறேன். ரெண்டு வருஷமா இந்தக் கடையில இருக்க. இதுவரைக்கும் எத்தனை கஸ்டமர் இலையில கை வெச்ச? உண்மையைச் சொல்லு."

"ஆன்டி இலையில மட்டும்தான் அக்கா."

"அது எப்படி? இதே வழக்கம்தானே அப்பவும்?"

"வேற யாரும் கூப்பிடலையே அக்கா."

குறையாக அவள் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். தேநீர்க் குவளைகளோடு நின்ற மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். இரண்டு வருஷம், தினமும் இருநூறு முந்நூறு பேர் அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். எல்லோரும் நம் ஆட்கள். வீட்டு வாசலில் தபால்காரர் நின்றால்கூட "சாப்பிடுறீங்களா" என்று கேட்கிற ஜனங்கள். எங்கள் ஊர் ஓட்டலில் எனக்கு இட்லி வைத்த அந்த மணிப்பூர்ப் பிள்ளையை நான் கூப்பிட்டேனா என்று யோசித்தேன். கூப்பிடவில்லை. பரிமாறுகிறவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. ரீட்டா என் பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு ரயிலில் வந்தவள், முறுக்குத் தின்றவள். அதனால் என் வாய் தானாகக் கூப்பிட்டிருக்கிறது.

மல்லிகா ரொம்ப நேரம் கல்லா மேஜையைத் துடைத்தாள். அந்த மேஜையில் துடைக்க ஒன்றும் இல்லை. பிறகு போனை எடுத்துச் செராஸ் பையனைக் கூப்பிட்டு, "நீ வர வேணாம்ப்பா, ஆள் இருக்கு" என்றாள். அவன் மறுமுனையில் பெரிதாக நிம்மதிப் பெருமூச்சு விட்டது எங்களுக்கே கேட்டது. காலை ஐந்து மணிக்கு எழ வேண்டுமே என்று பையன் முந்தின ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம்.

"மன்னிச்சுக்கோ ரீட்டா" என்று மல்லிகா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். நானும் சொன்னேன். ரீட்டாவுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. "சரி அக்கா, சரி ஆன்டி, சட்டி பாதியில நிக்குது" என்று பின்கட்டுக்கு ஓடிவிட்டாள். போன வேகத்தில் தண்ணீர்க் குழாய்ச் சத்தத்தையும் மீறி அவள் மொழியில் யாரிடமோ போனில் கத்திப் பேசுவது கேட்டது. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் இருபத்திரண்டு வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

சனிக்கிழமை முழுக்கக் கிள்ளானில் வேலை. செல்வத்தின் காரிலேயே போனேன். ரயில் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கல் இரண்டும் நன்றாகப் பழகின. முதல் ஈடு பணியாரம் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. இரண்டாவது ஈடு உருண்டு வந்தது. ரீட்டா கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, யார் எந்த மேஜை, யார் இலை, யார் தண்ணீர் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். வயதில் மூத்த சமையல்காரர்கூட "சரி ரீட்டா" என்று கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பால் பொங்கியது, பூசை முடிந்தது. பத்து மணிக்குக் கதவு திறப்பதாகப் பலகை வைத்திருந்தார்கள். ஒன்பதே முக்காலுக்கே வெளியே இருபது பேர் நின்றார்கள். கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ரீட்டா கதவருகே தயாராக நின்றாள்.

"இரு, திறக்காதே" என்றாள் மல்லிகா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நடு மேஜைகளில் அவளே ஏழு இலை போட்டாள். கடையில் வேலைக்காரர்கள் ஏழு பேர். தண்ணீர் தெளித்தாள், சோறு வைத்தாள், பாகற்காய் வைத்தாள். பிறகு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். சமையல்காரர் வந்தார், பாத்திரம் கழுவுகிற அம்மா வந்தார், எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். ஓர் இலை மிச்சம் இருந்தது.

"ரீட்டா, வா. உக்காந்து சாப்பிடு."

"அக்கா, கஸ்டமருங்க வெளிய நிக்கறாங்க. மணி பத்தாகுது."

"நிக்கட்டும். உன்னைத்தான் கூப்பிடறேன்."

ரீட்டா கதவைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேன். கூப்பிட வேண்டியவள் கூப்பிட்டாகிவிட்டது. அவள் மேஜை அருகே வந்தாள். விரலை நீட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாகச் சம்மணம் கொட்டி உட்கார்ந்து, சோற்றில் குழி பறித்து, சாம்பாருக்குக் கையைக் காட்டினாள். மூன்று தடவை சோறு வாங்கினாள். ரசம் கேட்டாள், மோர் கேட்டாள், பாகற்காய் இன்னும் கொஞ்சம் கேட்டாள். மல்லிகா வாளியும் கையுமாக ஓடி ஓடிப் பரிமாறினாள். எல்லோரும் கை கழுவி, ரீட்டா போய்க் கதவைத் திறந்தபோது மணி பத்தே முக்கால்.